பதினேழு வயதில் படித்த உளவியல்

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு உளவியலை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து, என்னைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அப்படியென்றால் நான் இப்போது என்ன நினைக்கிறேன், சொல் பார்க்கலாம்." கேட்டவர் ஒவ்வொருவரும் அந்த வேடிக்கை தமக்கு மட்டுமே தோன்றியதாக எண்ணிக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். நான் சிரித்து மழுப்புவேன். மழுப்பியதற்குக் காரணம், அந்த எதிர்பார்ப்பு எனக்குள்ளும் இருந்ததுதான். மனிதர்களின் முகத்தைப் பார்த்தே உள்ளே ஓடுவதைச் சொல்லிவிடும் வித்தை ஒன்று எங்கோ பாடப் புத்தகத்தின் நடுப்பக்கங்களில் இருக்கும் என்றுதான் நானும் நம்பிச் சேர்ந்தேன். கணக்கிலிருந்து தப்பித்துவிடலாம் என்பது இரண்டாவது காரணம். இரண்டிலும் ஏமாந்தேன்.

முதல் மாதம் முழுவதும் மனம் என்ற சொல்லே வகுப்பில் அதிகம் வரவில்லை. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் உளவியலுக்கென ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார் என்பதோடு வரலாறு முடிந்தது. அதற்குப் பிறகு கருதுகோள், சாரா மாறி, சார்ந்த மாறி, மாதிரி எடுக்கும் முறைகள், சராசரி, திட்ட விலக்கம் என்று கரும்பலகை நிறைந்தது. யாரிடமிருந்து தப்பி வந்தேனோ அவர் முன்வாசல் வழியாக வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். சேர்ந்த இருபத்திரண்டு பேரில் நான்கு பேர் மூன்றாம் வாரத்திலேயே வேறு பாடத்திற்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனவுகளின் பொருளைத் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு முதல் பரிசாகத் திட்ட விலக்கத்தின் சூத்திரத்தைக் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும்.

நான் மாறாமல் இருந்ததற்கு ஒரு வகுப்புதான் காரணம். ஆசிரியை பலகையில் 'கோபம்' என்று எழுதிவிட்டு, "இதை அளந்து காட்டுங்கள்" என்றார். முதலில் எல்லாருக்கும் எளிதாகத்தான் தோன்றியது. முகம் சிவப்பதைப் பார்க்கலாம் என்றான் ஒருவன். வெட்கத்திலும் வெயிலிலும் சிவக்காதா என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள். குரலின் உயரத்தை அளக்கலாம் என்றோம். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறவர்களை என்ன செய்வது? நாடித்துடிப்பை எண்ணலாம் என்றோம். ஓடி வந்தவனுக்கும் அதே துடிப்புதான். நேராகவே கேட்டுவிடலாம், ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்லலாம் என்றேன் நான். "உன் ஆறும் அவளுடைய ஆறும் ஒன்றுதானா?" என்று ஆசிரியை கேட்டார். மணி அடித்தபோது நாங்கள் கோபத்தை அளந்து முடித்திருக்கவில்லை. ஆனால் நாள்தோறும் ஆயிரம் முறை வாயில் வரும் ஒரு சொல்லுக்குள் இத்தனை வேறு வேறு பொருள்கள் மடிந்து கிடந்தன என்பதும், எதை அளக்கிறோம் என்று முடிவு செய்யாமல் அதைப் பற்றிப் பேசுவது காற்றில் கோடு கிழிப்பது போன்றது என்பதும் அந்த நாற்பது நிமிடங்களில் புரிந்தது. இந்தப் பாடத்தின் உண்மையான வாசல் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து வந்தது செய்முறை. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பரிசோதனை என்று பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் குழுவுக்கு ஸ்ட்ரூப் வந்தது. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட அந்தப் பரிசோதனை கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டைப் போல இருக்கும். 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதியிருப்பார்கள். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். நாக்கு 'சிவப்பு' என்று சொல்லத் துடிக்கும்; அதை அடக்கி 'நீலம்' என்று சொல்வதற்குள் நேரம் போய்விடும். ஸ்ட்ரூப்பின் ஆய்வில் நூறு வண்ணக் கட்டங்களின் நிறத்தைச் சொல்லச் சராசரியாக 63 விநாடிகள் ஆயின. பொருந்தாத நிறத்தில் அச்சிட்ட நூறு சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110 விநாடிகள் ஆயின. வாசிக்கப் பழகிய கண்ணுக்கு, எதிரே எழுத்து இருக்கும்போது வாசிக்காமல் இருக்கும் உரிமை கிடையாது என்பதுதான் அதன் சாரம்.

நாங்கள் வெள்ளை அட்டையில் நிறப் பேனாக்களால் நாற்பது சொற்களைத் தமிழில் எழுதினோம். முதல் அட்டையிலேயே மஞ்சள் காலை வாரியது. இரண்டடி தள்ளிப் பிடித்தாலே மஞ்சள் மை கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியே விட்டிருந்தால் நாங்கள் மனத்தை அளந்திருக்க மாட்டோம், கண்பார்வையை அளந்திருப்போம். மஞ்சளை எடுத்துவிட்டு ஊதாவைச் சேர்த்தோம். ஸ்டாப்வாட்சை அழுத்தும் பொறுப்பு எனக்கு. பதினாறு பேரை ஒவ்வொருவராக நூலகத்தின் பின்பக்க மேசைக்கு அழைத்து, முதலில் வெறும் வண்ணக் கட்டங்கள் உள்ள அட்டையையும் பிறகு சொற்கள் உள்ள அட்டையையும் காட்டினோம். வித்தியாசம் அழகாக வந்தது. வரைபடம் வரைந்து, நிறம் தீட்டி, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாரும் சொல் அட்டையை இரண்டாவதாகத்தானே செய்தார்கள்? களைப்பால் மெதுவாகியிருக்கலாமே?" நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது பாடத்தில் இருந்தது. அதற்கான கேள்விக்கு முந்தைய வாரத் தேர்வில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தேர்வுத் தாளில் தெரிந்திருந்த ஒன்று மேசைக்கு வந்தபோது நினைவுக்கு வரவில்லை. புதிதாகப் பதினாறு பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் செய்தோம். முடிவு ஏறக்குறைய அதேதான் வந்தது. ஆனால் முதல் முறை வந்த முடிவை அறிந்திருந்தோம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அது சரியாக அமைந்துபோன ஓர் ஊகம், அவ்வளவுதான்.

அந்தப் பரிசோதனையில் நான் செய்த பெரிய தவறு அதுவல்ல. எல்லாரையும் விட மெதுவாகச் சொன்னவள் என் நெருங்கிய தோழி. அவளுக்கு ஆன நேரத்தை மதிய இடைவேளையில் எல்லார் முன்னிலையிலும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். அவளும் சிரித்தாள். அடுத்த இரண்டு வாரங்களுக்கு வகுப்பில் ஆசிரியை கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவள் கையைத் தூக்கவில்லை. சிறு வயதிலிருந்தே வாசிப்பதில் தனக்கிருந்த சிரமத்தை யாருக்கும் தெரியாமல் மறைத்து வந்திருக்கிறாள் என்பதும், நான் சொன்ன எண் அதைத்தான் தொட்டுவிட்டது என்று அவள் பயந்திருக்கிறாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய பயத்திற்கு அடிப்படையே கிடையாது; ஒற்றை அட்டையில் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம் அவரைப் பற்றி எதையும் சொல்லிவிடாது. ஆனால் அதை விளக்கிச் சொல்லும் நிலையில் அப்போது நான் இல்லை. கேட்கும் நிலையில் அவளும் இல்லை. ஒப்புதல் பெறுதல், விலகும் உரிமை, பெயர் வெளியிடாமை என்று ஆய்வு நெறிமுறைகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அவை ஏதோ பெரிய ஆய்வகங்களில் வெள்ளை அங்கி போட்டவர்களுக்கான விதிகள் என்று நினைத்திருந்தேன்.

அதே பருவத்தில்தான் எங்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார்கள். நாற்பது கேள்விகள். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய உறையில் முடிவு வந்தது. 'பிறர் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு. வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர்' என்ற போக்கில் பத்துப் பதினைந்து வரிகள். படித்து முடித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார் ஆசிரியை. நான் ஐந்து போட்டேன். பிறகு உறைகளைப் பக்கத்தில் இருப்பவருடன் மாற்றிக்கொள்ளச் சொன்னார். எல்லா உறையிலும் ஒரே தாள். பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேரிடம் இதைச் செய்து 1949இல் வெளியிட்டார். அவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் 4.26, அந்த வரிகளில் பெரும்பகுதியை அவர் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் தாமதமாக. என் உள்ளத்தை ஒருவர் கண்டுகொண்டார் என்று மகிழ்ந்த அந்த ஒரு நிமிடம் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மனத்தைப் படிக்கும் வித்தையைத் தேடி வந்த எனக்கு, மனம் படிக்கப்பட்டுவிட்டது என்ற உணர்வை எவ்வளவு மலிவாக உண்டாக்கிவிடலாம் என்பதுதான் கிடைத்தது.

நினைவாற்றல் என்ற பாடத்திற்கு வருகிறேன். என்னை மிகவும் பாதித்ததும், நான் மிக மோசமாகப் படித்ததும் அதுதான். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், வேறு யாரையும் வைக்காமல் தம்மையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டு, மெய், உயிர், மெய் என்ற வரிசையில் சுமார் 2300 பொருளற்ற அசைகளை உருவாக்கி, அவற்றைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடியும் மனப்பாடம் செய்து, 1885இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்: முதலில் செங்குத்தாக விழுந்து பிறகு படுத்துக்கொள்ளும் மறதி வளைகோடு. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துபோகும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். உண்மையில் எபிங்ஹாஸ் அளந்தது மறந்த அசைகளின் எண்ணிக்கையை அல்ல. மறுபடியும் கற்கும்போது மிச்சமாகும் உழைப்பை. ஒரு நாள் கழித்து அதே பட்டியலைக் கற்றால் சுமார் 34 விழுக்காடு உழைப்பு மிச்சம். 31 நாள் கழித்துக் கற்றாலும் சுமார் 21 விழுக்காடு மிச்சம். சுத்தமாக மறந்துவிட்டதாக நாம் சத்தியம் செய்யும் ஒன்றிலும் ஏதோ படிந்து கிடக்கிறது. மறதியை அளக்கப் போனவர் மறக்காததை அளந்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதே மிகவும் பிடித்துப்போனது.

பிடித்துப்போன அந்தப் பாடத்தை நான் எப்படிப் படித்தேன் என்பதுதான் கொடுமை. மஞ்சள் பேனாவால் ஏறக்குறைய எல்லா வரிகளையும் தீட்டினேன். தேர்வுக்கு முந்தைய இரவு ஆறு முறை திரும்பத் திரும்ப வாசித்தேன். இடைவெளி விட்டுப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நல்லது என்று எபிங்ஹாஸே கண்டு எழுதியிருக்கிறார் என்ற வரியையும் அந்த இரவில்தான் ஆறு முறை வாசித்தேன். மறுநாள் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது, அடுத்த மாதம் யாராவது கேட்டிருந்தால் வளைகோட்டை வரையத் தெரிந்திருக்கும், அச்சுகளுக்குப் பெயர் எழுதத் தெரிந்திருக்காது. பல ஆண்டுகள் கழித்து ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த இரவுதான் கண்முன் வந்தது. ஒரு பத்தியைத் திரும்ப வாசித்தவர்கள், ஒருமுறை வாசித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் என்று இரண்டு பிரிவு. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்களே முன்னால் நிற்கிறார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருக்கிறது, வாசித்தவர்களுக்கு 42. திரும்ப வாசிப்பது தரும் 'எல்லாம் தெரியும்' என்ற நிறைவு ஐந்து நிமிட நிறைவு. நாம் அதை நம்பித்தான் புத்தகத்தை மூடுகிறோம்.

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட கார் விபத்து ஆய்வு அதே பாடத்தில் வந்தது. விபத்துக் காட்சிகளைப் பார்த்த மாணவர்களிடம் கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல் மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. நொறுங்க மோதியபோது என்ற பொருள் தரும் சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். தொட்டுக்கொண்டபோது என்ற பொருள் தரும் சொல்லைக் கேட்டவர்கள் 31.8 என்றார்கள். தொடர்ந்து 150 பேரிடம் நடத்திய இரண்டாம் ஆய்வில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனாலும் நொறுங்கியதைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். சாதாரணமாக மோதியதைக் கேட்டவர்களில் 7 பேர். வேகத்தைப் பற்றியே கேட்கப்படாதவர்களில் 6 பேர். தமிழில் இதைச் செய்தால் எந்தச் சொற்களைப் போடுவது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் தகராறு நடந்தது. உரசியது, தட்டியது, இடித்தது, மோதியது, நொறுக்கியது என்று ஏணிப்படி போல அடுக்கினோம். 'இடித்தது' என்பதற்கு ஒருவர் மனத்தில் சுவர் இடிகிறது, இன்னொருவர் மனத்தில் தோள் படுகிறது. பரிசோதனைக்கு முன்பே மொழி ஒரு பரிசோதனை வைத்துவிட்டது.

அன்று மாலை வீட்டில் அக்காவிடம் இதை விவரித்தேன். விவரித்த சூட்டில், எனக்கு நான்கு வயதில் நடந்த ஒன்றை உதாரணமாகச் சொன்னேன்: பழைய வீட்டின் சாமான் அறைக்குள் நான் மாட்டிக்கொண்டு, கதவைத் தட்டித் தட்டி அழுது, கடைசியில் அப்பா வந்து திறந்துவிட்டது. கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சக் கீற்றும், அந்த அறையின் பழைய துணி வாடையும் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அக்கா கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது நான்டி. நீ வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாய்." அவளுக்கும் வெளிச்சக் கீற்று நினைவிருந்தது. அவளுக்கும் துணி வாடை நினைவிருந்தது. கூடுதலாக, மறுபக்கத்திலிருந்து வந்த என் அழுகைச் சத்தமும் நினைவிருந்தது.

அன்றிரவு நெடுநேரம் வாதாடினோம். இருவரில் ஒருவர் மற்றவரின் நினைவைக் கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறுதி. எடுத்தது யார் என்பதுதான் தெரியவில்லை. என்னை உலுக்கியது அந்த ஐயமல்ல. எடுத்த நினைவு சொந்த நினைவைப் போலவே வாடை அடிக்கிறது, வெளிச்சம் காட்டுகிறது, நெஞ்சை அடைக்கிறது என்பதுதான். நினைவின் தெளிவு உண்மைக்குச் சான்று அல்ல என்ற வரியைப் புத்தகத்தில் தாண்டிப் போயிருந்தேன். அது என் நான்கு வயதையே பறித்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்கவில்லை.

சமூக உளவியல் வந்தபோது வகுப்பு மிகவும் களைகட்டியது. ஸ்டான்லி மில்கிரமின் ஆய்வைச் சொல்வதற்கு முன்பே, கதையை மட்டும் விவரித்துவிட்டு, யார் யார் கடைசிவரை போவீர்கள் என்று கேட்டார் ஆசிரியை. அறிமுகமில்லாத ஒருவர் கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. பக்கத்தில் நிற்கும் ஆய்வாளர் 'தொடருங்கள்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு கைகூட எழவில்லை. 1963இல் வெளியான ஆய்வில் 40 ஆண்களில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். மின்னதிர்ச்சி உண்மையல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது. யேல் பல்கலைக்கழகத்தின் உளவியல் மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது, நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் போக மாட்டார்கள் என்றுதான் அவர்களும் கணித்திருந்தார்கள். எழாத எங்கள் பதினெட்டுக் கைகளுக்கு என்ன பொருள் என்று அப்போதுதான் விளங்கியது. மில்கிரம் செய்த மாற்று அமைப்புகள்தான் எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றின: ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டபோது கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். மனிதர்கள் கொடியவர்கள் என்பதல்ல அந்த ஆய்வு சொன்னது; கட்டளையிடுபவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறார் என்பது நம் நல்ல குணத்தில் கணிசமான பங்கு வகிக்கிறது என்பதுதான்.

ஆனால் நாங்கள் படித்த எல்லாமே அப்படிக் காலூன்றி நிற்கவில்லை. ஃபிலிப் ஜிம்பார்டோ 1971இல் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய சிறைச்சாலை ஆய்வைக் கண்கள் விரியப் படித்தோம். இரண்டு வாரத்திற்குத் திட்டமிட்டது ஆறு நாளில் நின்றுபோனது, காவலர் வேடமிட்ட மாணவர்கள் தாமாகவே கொடியவர்களாக மாறினார்கள் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்தக் காவலர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை ஆவணங்களும் ஒலிப்பதிவுகளும் பின்னாளில் காட்டின. டேவிட் ரோசன்ஹான் 1973இல் வெளியிட்ட, மனநோயாளிகளாக நடித்து மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களின் ஆய்வு இன்னும் கடுமையான ஐயத்திற்கு உள்ளாகியிருக்கிறது. 2015இல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை மறுபடியும் நடத்திப் பார்த்தபோது, புள்ளியியல் கணக்கில் தேறியவை 36 விழுக்காடுதான். மூல ஆய்வுகளில் தேறியிருந்தவை 97 விழுக்காடு.

இதைச் சொன்னால், பள்ளியில் இந்தப் பாடமே வேண்டாம் என்று சிலர் உடனே சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தன் முடிவுகளைத் தானே தோண்டியெடுத்து, இது தவறு என்று எண்ணோடு அறிவித்த துறையைப் பதினேழு வயதில் படிக்காமல் வேறு எதைப் படிப்பது? எனக்கு இருக்கும் குறை வேறு. அந்தத் தோண்டல் பாடத்திற்குள் வருவதில்லை. வந்தாலும் மந்திரமாகத்தான் வருகிறது. எந்த ஆய்வைக் கொடுத்து 'விமரிசனம் செய்க' என்று கேட்டாலும் எங்களிடம் மூன்று வரிகள் தயாராக இருந்தன: மாதிரி சிறியது, ஆண்கள் மட்டுமே பங்கேற்றனர், ஆய்வகச் சூழல் செயற்கையானது. ஒருமுறை எங்கள் வகுப்பில் ஒருவன், பெண் குழந்தைகளும் ஆண் குழந்தைகளும் சரிபாதியாக இருந்த ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மை ஆய்வுக்கும் 'ஆண்கள் மட்டுமே' என்று எழுதி, அதற்கும் அரை மதிப்பெண் வாங்கினான். பெயர், ஆண்டு, முறை, முடிவு, மூன்று விமரிசனம் என்று சட்டகம் போட்டுக் கொடுத்துவிட்டால், ஐயப்படுவதைக்கூட ஐயப்படாமல் மனப்பாடம் செய்யலாம்.

பிறழ்நிலை உளவியல் படித்த பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகவேனும். ஒவ்வொரு வாரமும் வகுப்பில் ஒரு புதிய நோய் பரவியது. மேசையை ஒழுங்காக வைப்பவனுக்கு எண்ணச் சுழற்சி நோய், இரண்டு நாள் பேசாமலிருந்தவளுக்கு மனச்சோர்வு, கோபித்துக்கொண்ட ஆசிரியருக்கு வேறொன்று. நான் என் அம்மாவுக்கு மூன்று நோய்களைக் கண்டுபிடித்தேன். ஒரு குணத்தை நோய் என்று சொல்வதற்கு, அது எவ்வளவு காலமாக இருக்கிறது, அன்றாட வாழ்க்கையை எந்த அளவுக்குக் குலைக்கிறது என்பவற்றையெல்லாம் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும் என்று புத்தகம் சொல்லத்தான் செய்தது. அந்தப் பத்தி பட்டியலுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அதே நேரத்தில், உண்மையிலேயே உதவி தேவைப்பட்ட ஒரு மாணவி, தனக்கு நடப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை அந்தப் பட்டியலில்தான் கண்டுகொண்டு ஆசிரியையிடம் போய்ப் பேசினாள். ஆகவே அந்தப் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினால் போதும்.

இந்தப் பாடம் எளிதா, மேற்படிப்புக்கு உதவுமா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எழுத்து வேலை அதிகம், புள்ளியியலை வெறுத்தால் சிரமம், பல பல்கலைக்கழகங்களில் உளவியல் பட்டப்படிப்புக்குப் பள்ளியில் உளவியல் படித்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவ்வளவுதான் என் பதில்.

இந்த ஆண்டு அக்காவின் மகள் அதே பாடத்தை எடுத்திருக்கிறாள். போன மாதம் அவளுடைய புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நினைவாற்றல் பாடம் முழுவதும் மூன்று நிறங்களில் பளபளத்தது. புத்தகத்தை மூடிவிட்டு, தெரிந்ததை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். "சித்தி, எனக்கு எல்லாம் தெரியும்" என்றாள். எழுதியது ஒன்பது வரி. அதில் எபிங்ஹாஸ் 1958இல் இருந்தார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் எழுதியதில் பதினேழு வரிகள் இருந்தன என்று அவளே சொன்னாள்.

அவளுக்கும் செய்முறை உண்டு. உடன்பிறந்தவர்கள் ஒரே நிகழ்வை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று ஆராயப் போகிறாளாம். சாமான் அறைக் கதை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் அது அடிக்கடி எழும் தகராறுதான். என்னையும் அக்காவையும் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்பாளாம், யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பாளாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், பெயர் எங்கும் வெளிவராது, பதில்களை வேறு பங்கேற்பாளரிடம் சொல்ல மாட்டேன் என்று மூன்று வரிகள் அவள் கையெழுத்தில் இருந்தன. மூன்றாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். நான் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். அக்கா படிவத்தை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள்; இன்னும் கையெழுத்திடவில்லை.